ஈயத்தில் இணைந்த தமிழும் பிரெஞ்சும்

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. சர் அயர் கூட்டின் படை கைப்பற்றியவற்றில் ஓர் அச்சு இயந்திரமும் இருந்தது. அது சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டு, வேப்பேரியில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் ஃபாப்ரிசியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. கம்பெனி அரசின் வேலைகளை முதலில் முடித்துத் தரவேண்டும் என்பது நிபந்தனை. வேப்பேரி அச்சகத்தில் 1779இல் அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி அச்சாகி வெளிவந்தது.

அகராதிதான் அச்செழுத்துக்குக் கடுமையான சோதனை. ஒரே வரியில் தமிழ்ச்சொல்லும் ரோமன் எழுத்தில் அதன் பொருளும் அடுத்தடுத்து நிற்க வேண்டும். ரோமன் எழுத்துக்குத் தடித்த கோடும் மெல்லிய கோடும் உண்டு. தலையிலும் காலிலும் செரிஃப் எனும் சிறு விளிம்புகள் உண்டு. ஓலையில் எழுத்தாணியால் கீறிய தமிழுக்கோ எங்கும் ஒரே தடிப்பு. போதாக்குறைக்கு, முன்னதாக 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. ஆட்லர் என்பவர் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்த பிறகுதான் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு நிறைவேறியது.

அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சுலகை ஆண்டது திதோ குடும்பத்தின் பாணி: நிமிர்ந்த எழுத்து, அழுத்தமான தடிப்பு, மயிரிழை போன்ற செரிஃப். அதே காலத்தில் புதுச்சேரி மிஷன் அச்சகம் பெரும்பணி ஒன்றில் இறங்கியது. முசே, துப்புய் என்ற இரு பாதிரியார்கள் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855, 1862 ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்தது. முகப்பில் அவர்கள் பெயர் இல்லை. 'இரண்டு மிஷனரிகள்' என்றே இருந்தது.

அதே 1862இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி.ஆர். ஹண்ட், 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதியை அச்சிட்டார். இத்தனை சொற்களை ஒரு நூலில் அடக்கச் சிறிய, தெளிவான எழுத்து வேண்டியிருந்தது. ஈய அச்செழுத்தில் தமிழும் தடிப்பு மெலிவு பழகி, ரோமன் எழுத்தோடு ஒரே பக்கத்தில் பொருந்தி நின்றது.

கணினி வந்தபோது அந்த அழகு பின்னுக்குப் போனது. விண்டோஸில் வந்த லதா போன்றவை ஒரே தடிப்பில் அமைந்த எழுத்துருக்கள். பின்னர் மீட்பு முயற்சிகள் தொடங்கின. பிரேசில் வடிவமைப்பாளர் ஃபெர்னாண்டோ மெல்லோ இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஈய எழுத்துகளை ஆராய்ந்தார். தமிழும் லத்தீனும் கொண்ட 'ஃப்ரீடா'வை வடிவமைத்தார். கூகுளின் நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ் ஆகியவற்றை இன்று யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

பழைய நூல்களை மறுபதிப்பு செய்வோருக்கு இன்னொரு தேவை உண்டு. 1978இல் தமிழக அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தும்பிக்கை போன்ற கொம்பு இருந்த காலத்தின் பக்கத்தை அப்படியே காட்ட, அந்த வடிவங்களும் எழுத்துருவில் இடம்பெற வேண்டும். தமிழையும் பிரெஞ்சையும் சேர்த்துப் பதிப்பிக்கும் மரபும் தொடர்கிறது. புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட், தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கான சேனாவரையர் உரைக்குப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வெளியிட்ட இடம். புதுச்சேரியின் பதிப்புப் பணியில் இரு மொழிகளும் இன்னும் ஒன்றாகவே பயணிக்கின்றன.

அடுத்த வாரம்: பாரதியின் 'இந்தியா' புதுச்சேரியில் அச்சான கதை.