உறுப்பு நீக்கமும் மாயவலியும்: நரம்பு மரப்பை எதுவரை தொடர்வது?

கால் எடுக்கப்பட்டவர், இல்லாத பாதத்தின் விரல்கள் குரக்களி பிடித்து மடங்கிக் கிடப்பதாகவும் அவற்றை நீட்ட முடியவில்லை என்றும் சொன்னால் அது மனப்பிரமை அன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சையளித்த சைலஸ் வெயர் மிட்செல், 1871இல் இதற்கு மாய உறுப்பு என்று பெயரிட்டு எழுதினார். வந்தபின் இந்த மாயவலியை விரட்டுவது கடினம். ஆகவேதான் வராமல் தடுக்கும் வழியை மயக்கவியலார் தேடிவருகிறார்கள். அந்தத் தேடல், நரம்பை மருந்தால் மரக்கவைக்கும் மரப்பை எப்போது தொடங்குவது என்ற கேள்வியிலேயே நெடுங்காலம் நின்றுவிட்டது. எப்போது நிறுத்தலாம் என்பதே முதன்மையான கேள்வி என்பது என் வாதம்.

1988இல் டென்மார்க்கில் பாக் குழுவினர் 25 நோயாளிகளை ஆராய்ந்தனர். அவர்களுள் 11 பேருக்கு அறுவைக்கு முந்தைய 72 மணி நேரம் தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் எபிட்யூரல் வழியாக வலி அடக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்து அந்த 11 பேரில் ஒருவருக்கும் மாயவலி இல்லை. மற்றவர்களில் ஐவருக்கு இருந்தது. கத்தி படுமுன் தண்டுவடத்தை அமைதிப்படுத்திவிட்டால் வலியின் தடம் பதியாது என்ற நம்பிக்கை இதனால் வலுத்தது.

அந்த நம்பிக்கையை 1997இல் லான்செட் இதழில் வெளிவந்த நிக்கோலாய்சன் குழுவின் ஆய்வு தகர்த்தது. 60 பேரில் ஒரு பிரிவினருக்கு அறுவைக்கு முன் சுமார் 18 மணி நேரமும் அறுவையின்போதும் எபிட்யூரலில் மரப்பு மருந்தான புபிவகைனும் மார்ஃபினும் செலுத்தப்பட்டன. மறு பிரிவினருக்கு எபிட்யூரலில் உப்புநீர் மட்டுமே. ஓராண்டு முடிவில் மரப்புப் பிரிவில் எஞ்சிய 12 பேரில் 9 பேருக்கும், மற்றதில் 16 பேரில் 11 பேருக்கும் மாயவலி இருந்தது. நரம்பு மரப்பால் பயனில்லை என்று பலர் இதைப் படித்தார்கள். அது அவசர முடிவு. அறுவைக்குப் பின் இரு பிரிவினருக்குமே ஏறக்குறைய ஒரு வாரம் எபிட்யூரல் மருந்து கொடுக்கப்பட்டது. ஆகவே அந்த ஆய்வு சோதித்தது 18 மணி நேர முந்தலை மட்டுமே. இரத்த ஓட்டம் அடைபட்டுக் கால் அழுகியவர்கள் பலர் வாரக்கணக்கில் வலியோடு இருந்துவிட்டுத்தான் அறுவைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு முந்தைய நாள் தொடங்கும் மரப்பை முன்தடுப்பு என்று எப்படிச் சொல்வது?

வெட்டுண்ட நரம்பும் ஒரு வாரத்தில் அடங்குவதில்லை. அதன் முனையில் தாறுமாறாக முளைக்கும் இழைகள் தூண்டல் ஏதுமின்றியே சமிக்ஞை அனுப்புகின்றன. முதுகெலும்பருகே உள்ள நரம்பணுத்திரளும் அதில் சேர்ந்துகொள்கிறது. 1996இல் பின்சர் குழு அறுவைக்குப் பின் மூன்று நாள் நரம்பருகே புபிவகைன் செலுத்தியது. மார்ஃபின் தேவை குறைந்தது, மாயவலி தடுக்கப்படவில்லை. அடங்காத நரம்புக்கு மூன்று நாள் எம்மாத்திரம்?

இத்தாலியில் போர்கி குழு 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறு பாதையில் சென்றது. 71 நோயாளிகளுக்கு நரம்பருகே மெல்லிய குழாய் வைத்து, கையடக்கப் பம்பின் மூலம் ரோபிவகைன் என்ற மரப்பு மருந்தைச் செலுத்தினார்கள். அவ்வப்போது பம்பை நிறுத்திப் பார்ப்பார்கள். வலி திரும்பினால் மீண்டும் ஓடவிடுவார்கள். 48 மணி நேரம் அமைதியாக இருந்தால்தான் குழாயை எடுப்பார்கள். மருந்து ஓடிய இடைநிலைக் காலம் 30 நாள். முதல் நாள் 73 சதவீதத்தினருக்கு இருந்த கடும் மாயவலி ஓராண்டில் 3 சதவீதமாகக் குறைந்தது. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாதது இதன் பெருங்குறை. சிலருக்கு வலி தானாகவே தணியும் என்பதால் அந்த எண்ணை அப்படியே ஏற்க முடியாது.

கிரீஸில் கரனிகோலாஸ் குழுவின் 2011 ஆய்வு என் வாதத்துக்கு இடையூறு போலத் தோன்றும். அறுவைக்கு 48 மணி நேரம் முன்பு தொடங்கி 48 மணி நேரம் பின்புவரை வலியை நன்கு அடக்கியதே ஆறாம் மாதத்தில் பலன் தந்தது. எபிட்யூரல் ஆனாலும், நோயாளியே பொத்தானை அழுத்தி ஏற்றிக்கொள்ளும் மருந்தானாலும் சரி. ஆனால் அங்கும் போர்கியிடத்தும் அளவுகோல் ஒன்றே: வலி உண்மையில் அடங்கியதா என்பது.

மரப்பை நாள்கணக்கு வைத்து நிறுத்துவதா, வலி அடங்கியதைப் பார்த்து நிறுத்துவதா என்பதைத்தான் அடுத்த ஆய்வு சோதிக்க வேண்டும். அறுவை மருத்துவர் காலின் பெருநரம்பான சயாட்டிக் நரம்பைக் கண்ணெதிரே பார்த்தபடி அதனருகே குழாயை வைக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போருக்கு எபிட்யூரலைவிட இது பாதுகாப்பானது. ஒரு பிரிவினருக்கு மூன்றாம் நாள் குழாய் எடுக்கப்படட்டும். மறு பிரிவினருக்குப் பம்பை நிறுத்திப் பார்க்கும் சோதனையே முடிவு செய்யட்டும். 60 பேரில் 28 பேரே ஓராண்டு முடிவில் எஞ்சிய நிக்கோலாய்சன் குழுவின் அனுபவத்தை மனத்தில்கொண்டு, பங்கேற்போர் எண்ணிக்கையைத் தாராளமாக வைக்க வேண்டும். குழாய்வாயில் சீழ் பிடிக்கிறதா, குழாய் நழுவுகிறதா என்று வீட்டுக்கே வந்து பார்க்கும் செவிலியருக்கான செலவையும் ஆய்வுத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.