எரிபொருள் வரி உயர்வு: திருச்சி, ஸ்ரீரங்கம்

பெட்ரோல், டீசல் மீது மத்திய அரசு போடும் கலால் வரியும் மாநில அரசு போடும் மதிப்புக் கூட்டு வரியும் (வாட்) சேர்ந்ததே எரிபொருள் வரி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இவை அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன. சரக்குக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை வணிகர் கழித்துக்கொள்ளலாம்; டீசலுக்குக் கட்டிய வரியைக் கழிக்க வழியில்லை. அது வாடகையில் ஏறும், இல்லாவிட்டால் வண்டிக்காரர் கையைக் கடிக்கும்.

தமிழ்நாட்டில் 2017 மார்ச்சில் பெட்ரோல் வாட் 27 விழுக்காட்டிலிருந்து 34 ஆனது. 2020 மே ஊரடங்கில் வரிமுறையே மாறியது: டீசலுக்கு 11 விழுக்காடு, அதன்மேல் லிட்டருக்கு 9.62 ரூபாய். பங்க்கில் டீசல் 2.50 ரூபாயும் பெட்ரோல் 3.25 ரூபாயும் ஏறின. அதே வாரம் மத்திய அரசு டீசலுக்கு 13, பெட்ரோலுக்கு 10 ரூபாய் கலால் வரி கூட்டியது. கச்சா எண்ணெய் விலை விழுந்து கிடந்ததால், இந்தக் கலால் உயர்வால் பங்க் விலை அசையவில்லை. இறங்கியிருக்க வேண்டிய விலை இறங்காதது யாருக்கும் உறைக்கவில்லை. 2021 ஆகஸ்டில் மாநில அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. லாரியும் பஸ்ஸும் குடிக்கும் டீசலைத் தொடவில்லை. டீசல் வரியைக் குறைத்தது மத்திய அரசு, 2021 நவம்பரிலும் 2022 மேயிலும்.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் காய்கறி ஏற்றும் லோடு ஆட்டோ காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போக ஆறேழு கிலோமீட்டர். போய்வர ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடும். 2020 மாநில வரி உயர்வு ஒரு டிரிப்புக்கு இரண்டரை ரூபாயைத் தாண்டாது. ஆனால் வாடகை இரண்டு ரூபாய், மூன்று ரூபாயாக ஏறுவதில்லை. சில மாதம் வண்டிக்காரர் பொறுத்துக்கொள்வார். பிறகு ஒரே நாளில் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்பார். நாலு மூட்டை எடுக்கும் தெருமுனைக் கடைக்காரருக்கு அந்த ஐம்பதுதான் வரி உயர்வு. 2022இல் பழுதுபார்க்கப் பாலம் மூடப்பட்டு வண்டிகள் சுற்றிப் போனபோது, வரி ஏறாமலே டீசல் செலவு ஏறியது.

பஸ்ஸின் கதை வேறு. கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. 2018 ஜனவரியில் உயர்த்தி, போராட்டத்துக்குப் பின் சற்றே இறக்கினார்கள். அப்போது சென்னையில் டீசல் 66 ரூபாய் வாக்கில் இருந்தது; 2022 மே குறைப்புக்குப் பிறகும் 94க்குமேல் நின்றது. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடும் தனியார் டவுன் பஸ்ஸுக்கும் அதே கட்டணம்தான். கூட்டமில்லாத நேரத்து டிரிப் அதற்குச் சுமை.

ஸ்ரீரங்கத்துப் பூக்காரம்மாவுக்கு வண்டிக்காரரின் வழியும் இல்லை. ஐம்பது கூட்டிக் கேட்டால் வாங்குகிறவர் அடுத்த கூடைக்குப் போய்விடுவார். விலை அப்படியேதான் நிற்கும். முழம்தான் கொஞ்சம் குட்டையாகும்.