குழாய் மாறுச்சு, எர்த்து போச்சு

பாரதி பூங்காவுல ஆயி மண்டபத்தைப் பார்த்திருப்பீங்க. முத்திரைப்பாளையத்துத் தண்ணி புதுச்சேரி டவுனுக்கு வந்த நினைவா, மூன்றாம் நெப்போலியன் காலத்துல (1852-1870) கட்டினது. தண்ணிக் குழாய்க்கு இந்த ஊர்ல அவ்வளவு மரியாதை. அந்தக் குழாய் பத்தி இன்னொரு கதை சொல்றேன்.

எங்க அக்கா வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில. அக்கா மாமனார் 1960-கள்ல கரண்டு இழுத்தாராம். மரச்சட்டத்து மேல ஒயர், பீங்கான் பியூஸ் கட்டை. எர்த்துக்குன்னு தனிக் குழி கிடையாது. ஒரு செம்புக் கம்பியை இரும்புத் தண்ணிக் குழாயில சுத்தி விட்டுட்டாங்க. அப்போ நிறைய வீடுகள்ல அப்படித்தான். குழாய் மண்ணுக்குள்ள நெடுந்தூரம் ஓடினதால அதுவே எர்த்தா வேலை செஞ்சுது.

போன வருஷம் பாத்ரூமைப் புதுப்பிச்சாங்க. துருப்பிடிச்ச இரும்புக் குழாயை எடுத்துட்டு பிளாஸ்டிக் குழாய், புது டைல்ஸ், கீசர். கொஞ்ச நாள்ல பாத்ரூம் குழாயைத் தொட்டா சுருக்குன்னுது. ஆச்சரியம், கூடத்துல இருந்த பிரிட்ஜும் அடிச்சுது!

"மாமா, எர்த்து ஒயர் எங்க போவுது?"

"சுவத்துக்குள்ள போவுது மாப்ள."

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தா, செம்புக் கம்பி ஒரு முழ இரும்புத் துண்டுல சுத்தியிருக்கு. அதுக்கப்புறம் பிளாஸ்டிக். கீசர்ல கசிஞ்ச கரண்டு மண்ணுக்குப் போக வழியில்லாம, எர்த்து ஒயர் வழியாவே பிரிட்ஜ் வரைக்கும் பரவியிருக்கு.

எங்க ஊர்ல கம்பி அறுந்து விழுந்தா முதல்ல மாடுதான் போகும். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் தூரம் அதிகம். அந்த ரெண்டு இடத்துக்கும் மின்னழுத்தம் வேற வேற. கரண்டு நெஞ்சு வழியாப் பாயும். ஒரே கம்பியில ரெண்டு காலையும் வச்ச காக்காய்க்கு ஒண்ணும் ஆகாது. பாத்ரூம்ல நாம மாடு மாதிரி: கை குழாயில, ஈரக்கால் தரையில. அதனாலதான் கீசர், உலோகக் குழாய் எல்லாத்தையும் ஒரே கம்பியால இணைச்சு எர்த்தோட கட்டணும்.

இப்போ முற்றத்துல புது எர்த்துக் குழி போட்டாச்சு. கீசரை மாத்தி, எல்லாத்தையும் இணைச்சு, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வச்சாச்சு. போற கரண்டும் திரும்புற கரண்டும் ஒத்துப்போகலேன்னா கண்ணிமைக்கறதுக்குள்ள அது லைனை வெட்டிடும்.

பழைய வீட்ல குழாய் மாத்துறீங்களா? டைல்ஸ் கலர் பார்க்கறதுக்கு முன்னாடி, எர்த்து எங்க போய்ச் சேருதுன்னு நல்ல எலக்ட்ரீஷியனை வச்சுப் பார்த்துடுங்க. அக்கா பேரனுக்கு நாலு வயசு. அந்தக் குழாயைத் தினமும் அவன்தான் முதல்ல திறப்பான்.