கலப்பற்று

ஒரத்தநாட்டுக்காரன் படகைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஊரில் சிரிப்பார்கள். சிரிப்பதும் நியாயந்தான். கடல் எங்களுக்குத் தெற்கே, பட்டுக்கோட்டையையும் தாண்டி இருக்கிறது. 1934-ல் மேட்டூர் அணையோடு கல்லணைக் கால்வாயும் வந்து சேரும் வரையில் இந்தச் சீமையில் பெரும்பகுதி வானம் பார்த்த மேட்டு நிலம். அந்தக் கால்வாயைப் புது ஆறு என்போம். நாலு வாழைத் தண்டுகளை மூங்கில் குச்சியால் கோத்துக்கொண்டு அதில் மிதந்ததுதான் நான் நடத்திய கப்பலோட்டம். முதல் நாள் இரண்டு பேரைச் சுமந்த தெப்பம், நாலாம் நாள் என் ஒருவனையே முழங்கால் வரை நனைத்தது. மிதக்கிற பொருள் எதுவும் தண்ணீரைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். படகு வைத்திருப்பவனுக்கு உள்ள கவலை முழுவதும் இதுதான்.

எங்கள் ஊருக்குச் சரித்திரம் இல்லாமல் இல்லை. இரண்டாம் சரபோஜி தம் அன்புக்குரிய முத்தம்பாள் பெயரால் 1802-ல் கட்டிய சத்திரம் இங்கே இருக்கிறது. இதே மன்னர், நெப்போலியன் வீழ்ந்தான் என்ற சந்தோஷத்தில், மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக 1814-ல் மனோரா என்ற எட்டு நிலைக் கோபுரத்தை எழுப்பினார். எங்கோ ஐரோப்பாவில் தோற்றவனுக்காகச் சேதுக் கரையில் ஒரு கோபுரம்! அதன் நிழலில் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பழுது பார்த்தவர்களுக்குக் கல்வெட்டு கிடையாது. அவர்கள் கைவேலைக்குப் பெயர் மட்டும் அகராதியில் இருக்கிறது: கலப்பற்று. பேச்சில் கலப்பத்து.

பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள சந்தை அடைப்பதுதான் கலப்பற்று. கலப்பு, பற்று என்று பிரித்து இலக்கணம் சொல்ல நமக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அரபியில் 'கல்ஃபத' என்றும், போர்த்துக்கீசியத்தில் 'கலஃபெத்தார்' என்றும் இதே வேலைக்கு இதே சாயலில் சொல் இருக்கிறது. கப்பல்காரர்கள் பாஷை துறைக்குத் துறை ஒட்டிக்கொண்டு போகிறது. எந்தக் கரையில் ஏறியது என்று பண்டிதர்கள் சண்டை போடட்டும்.

வேலை பார்வைக்குச் சுலபம். பழைய பஞ்சையும் நாரையும் சுரண்டி எடுத்து, சந்தை உலர விட்டு, புதுப் பஞ்சைத் திரித்து மழுங்கிய உளியால் உள்ளே செலுத்த வேண்டும். கொட்டாப்புளியால் ஓங்கி அடிக்கிறவன் கெட்டிக்காரன் என்று நினைத்தால் மோசம் போவோம். உலர்ந்த பலகை தண்ணீரில் இறங்கியதும் ஊதும். இடைவெளியில் பஞ்சு கல்லாக இறுகிக் கிடந்தால், ஊதுகிற பலகைக்கு இடமில்லாமல் ஆணியே தெறித்துவிடும். அதனால் கொஞ்சம் இளக்கம் விட்டு, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். வெகு நாள் வெயிலில் கிடந்த படகு முதல் நாள் ஒழுகத்தான் செய்யும். உடனே உளியைத் தூக்காமல், ஆழமில்லாத தண்ணீரில் ஓரிரு நாள் ஊறப் போட்டால் பாதி ஓட்டை தானே மூடிக்கொள்ளும். பொறுமையும் ஒரு பிசின்தான்.

சோழமண்டலக் கரையில் வடக்கே போனால் இரும்பையே நம்பாத படகுகள் இருந்தன. சென்னைத் துறைமுகம் ஏற்படுவதற்கு முன், கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை மோதினால் விரியும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். கயிறு நைந்தால் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதுதான். கட்டுமரமோ இன்னும் எளிது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப் போடுவார்கள். என் வாழைத் தெப்பத்தையும் அப்படிக் காயப் போட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தக் கட்டுமரத்தின் பெயர் ஆங்கிலத்துக்குள் புகுந்து உல்லாசப் படகுக்காரர்களிடம் போய்விட்டது. 1876-ல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டிக் கனவான்களின் படகுகளை முந்தினார். இது படகே அல்ல என்று தள்ளிவிட்டார்களாம்! உல்லாசத்துக்கு வைத்திருந்தாலும் வயிற்றுக்கு வைத்திருந்தாலும் ஓட்டை ஒன்றுதான். 1867 முதல் சென்னையில் இருக்கும் படகுக் கழகத்து மர ஓடங்களுக்கும் உலர்வதும் ஊதுவதும் உண்டு.

எங்கள் பக்கத்துக் கடலில் இப்போது மர வள்ளம் அருகிவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு மளமளவென்று பெருகிற்று. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தபோது ஒரத்தநாட்டில் தென்னைகள் வேரோடு சாய்ந்த அதே இரவில், மல்லிப்பட்டினத்தில் படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நொறுங்கின. சில மாதம் கழித்து அங்கே போனேன். தன் படகின் அடியில் ஓடிய விரிசலின் இரு முனையிலும் துரப்பணத்தால் ஒருவர் சின்னத் துளை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏற்கெனவே ஓட்டை, இன்னும் ஓட்டை போடுறீங்களே அண்ணே?" என்றேன்.

"துளை வரைக்கும் வந்து நின்னுக்கும் தம்பி. இல்லேன்னா மேல பூசப் பூச, அடியில ஓடிக்கிட்டே இருக்கும்."

ஈரம் போக வெயிலில் காய விட்டு, சுற்றிலும் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, கண்ணாடி நார்ப் பாயைச் சின்னதும் பெரியதுமாக வெட்டி ரெசினில் தோய்த்து ஒட்டினார். ரெசினை இறுக்கும் மருந்தைக் கூடுதலாக ஊற்றினால் வேலை முடிவதற்குள் டப்பாவிலேயே கட்டியாகிவிடும் என்றார். பஞ்சுக்குப் பதில் கண்ணாடி நார், குங்கிலியத்துக்குப் பதில் ரெசின். அவருடைய பாட்டனாரின் கொட்டாப்புளி வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறதாம்.

மறுநாள் படகைக் கடலில் இறக்குவார் என்று நினைத்தேன். இல்லை. உயரே கட்டையில் நிறுத்தி, குடம் குடமாகப் படகுக்குள் தண்ணீர் ஊற்றினார். பிறகு குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். நானும் குனிந்தேன். ஒட்டுப் போட்ட இடம் உலர்ந்திருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, நாங்கள் இருவரும் கவனிக்காத இடத்தில், ஒரு சொட்டு திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.