எழுத்து காட்டாத ஓசை



மார்கழித் திங்களில் திருவரங்கம் சென்றவர்கள் அரையர் சேவையைக் கண்டிருப்பீர்கள். பகல்பத்து, இராப்பத்து என்று நடைபெறும் அத்யயன விழாவில், தலையில் நீண்ட குல்லாயும் கையில் தாளமும் கொண்டு அரையர்கள் ஆழ்வார்களின் பாசுரங்களை இசைப்பார்கள். ஓர் அடியையே பன்முறை எடுத்துரைப்பதும், குரலும் கைக்குறிப்பும் மாற மாற அவ்வடிக்குப் புதுப்பொருள் தோன்றுவதும் அங்கே காணத்தக்கவை. நாதமுனிகள் தம் மருமக்கள் இருவருக்கு இசையோடு கற்பித்ததிலிருந்து வந்த மரபு இது என்று வைணவ வரலாறு கூறும். பாசுரங்கள் ஓலையில் இருந்தால் போதாதா? வாயால் கற்பிப்பானேன்? இவ்வினா நம்மைத் தொல்காப்பியத்துக்கே அழைத்துச் செல்கிறது.

எழுத்ததிகாரத்தில் புணரியலின் இறுதியில் தொல்காப்பியர் ஒரு செய்தியைச் சொல்லிச் செல்கிறார். எழுத்தளவில் ஒன்றுபோலவே இருந்து பொருளால் வேறுபடும் தொடர்கள் உண்டு. அவற்றைப் பிரித்துக் காட்டுவது இசை. எழுத்தால் அவ்வேறுபாட்டைக் காட்ட இயலாது என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் இதற்குத் தந்த எடுத்துக்காட்டு மிகச் சுவையானது. ‘செம்பொன்பதின்றொடி’ என்று ஓலையில் எழுதியிருக்கிறது. தொடி என்பது பழைய நிறையளவு. ‘செம்பொன்’ என்று நிறுத்தி, ‘பதின்றொடி’ என்று தொடர்ந்தால், பத்துத் தொடி செம்பொன். ‘செம்பு’ என்று நிறுத்தி, ‘ஒன்பதின்றொடி’ என்று தொடர்ந்தால், ஒன்பது தொடி செம்பு! கடன் முறியில் இத்தொடர் எழுதப்பட்டிருந்தால், கொடுத்தவன் ஒருவாறும் வாங்கியவன் வேறொருவாறும் படிப்பார்கள் அல்லவா? பொன்னும் செம்பும் இங்கே பிரிவது ஒரு கணநேர நிறுத்தத்தில்தான். சொற்களுக்கு இடையே இடம் விடாமல் எழுதிய ஓலைக்காலத்தில் இது வெறும் வேடிக்கை அன்று.

நிறுத்தம் மட்டுமன்று, குரலின் ஏற்ற இறக்கமும் பொருளை மாற்றும் என்று நம் இலக்கணிகள் கருதினர். எடுத்தல், படுத்தல், நலிதல் என்று ஓசையை அவர்கள் வகுத்தார்கள். நன்னூலாரும் இவற்றைக் குறிப்பிடுகிறார். ‘உண்டான்’ என்பது வினைமுற்று. ‘உண்டான் போனான்’ என்னும்போது ‘உண்டவன் போனான்’ என்று பொருள்பட்டு அது பெயராகிறது. சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. படுத்தலோசையால் அது பெயராயிற்று என்பர் உரைகாரர்.

வடமொழியில் இவ்வோசைக்கு இன்னும் பெரிய இடம் உண்டு. வேதம் ஓதுவோர் உதாத்தம், அநுதாத்தம், சுவரிதம் என்னும் ஓசைகளைத் தவறாது காப்பர். தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை வழங்குகிறது. பதஞ்சலியின் மகாபாடியமும் அதைச் சுட்டுகிறது. இந்திரனைக் கொல்லவல்ல மகன் வேண்டித் துவஷ்டா வேள்வி செய்தான். ‘இந்திரசத்துரு’ என்னும் சொல்லின் இறுதியை உயர்த்திச் சொல்லியிருந்தால் ‘இந்திரனைக் கொல்பவன்’ என்றாகியிருக்கும். முதலை உயர்த்திச் சொன்னதால் ‘இந்திரனால் கொல்லப்படுபவன்’ என்றாயிற்று. பிறந்த விருத்திரன் இந்திரன் கையாலேயே மாண்டான்.

சீன மொழியில் ‘மா’ என்பது ஓசைக்கேற்பத் தாய் எனவும் குதிரை எனவும் பொருள்படும். அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. பஞ்சாபியில் ‘கோடா’ போன்ற ஒரே ஒலிப்பு, குரல் இறங்கினால் குதிரை, ஏறினால் தொழுநோயாளி, சமனாக நின்றால் சாட்டை.

இனி நம் வட்டாரத்துக்கு மீள்வோம். இத்தாலியில் 1680-ஆம் ஆண்டு பிறந்து, கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவரை நினைவுகூர்க. அவருடைய தாய்மொழியில் ‘அங்கோரா’ என்னும் சொல்லின் முதலசையை அழுத்தினால் நங்கூரம். இடையசையை அழுத்தினால் ‘இன்னும்’ என்று பொருள். ஓசையால் பொருள் மாறும் மொழியில் வளர்ந்த அவர், தமிழ் ஓலையில் குறில் எகர ஒகரமும் நெடில் ஏகார ஓகாரமும் ஒன்றுபோலத் தோன்றுவதைக் கண்டார். குறிலுக்குப் புள்ளியிட வேண்டும் என்பது பழைய விதி. ஓலை எழுதுவோர் அதைப் பெரும்பாலும் கைவிட்டிருந்தனர். அவர் செய்த எழுத்துத் திருத்தத்தால்தான் இன்று நாம் ‘கெடு’வையும் ‘கேடு’வையும் முதலெழுத்திலேயே வேறாகக் காண்கிறோம். அளபுக்கு அடையாளம் கிடைத்தது. குரலின் ஏற்ற இறக்கத்துக்கு அவர் அடையாளம் தேடவில்லை; பின்னர் அச்சோடு வந்த வினாக்குறியும் வியப்புக்குறியும் அதில் ஒரு சிறு பகுதியையே காட்டும். ‘நன்றாகச் செய்தாய்’ என்பது பாராட்டா, ஏச்சா? எந்தக் குறியாலும் முழுதாகச் சொல்ல முடியாது.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. படுத்தலோசை என்ற பெயரை நாம் அறிவோம். அந்த ஓசை எப்படி ஒலித்தது என்பதை இன்று உறுதியாக அறிந்து காட்டுவார் இல்லை. தமிழில் ஒரு தனிச்சொல்லின் பொருள் குரலழுத்தத்தால் மாறுவதில்லை என்பதே இக்கால மொழியியலார் பலரின் கருத்து. பழைய உரைகாரர் செவியில் கேட்டதைச் சொன்னாரா, வடமொழி இலக்கணத்தைப் பின்பற்றிச் சொன்னாரா என்று ஐயுற இடமிருக்கிறது. அவர்கள் செவியில் கேட்டே எழுதினர் என்பது என் எண்ணம். ஆனால் மெய்ப்பிக்க வழியில்லை. வேத ஓசையும் அரையர் இசையும் வாய்வழியாகத் தலைமுறை தலைமுறையாக வந்ததால் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. படுத்தலோசையோ ஏட்டில் மட்டும் எழுதப்பட்டது; ஏடு அதன் பெயரை மட்டும் காத்துத் தந்தது.

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் தொடங்கியது. அதன் பேச்சாளர்கள் பேசியவற்றுள் பல இத்தகைய தொகுப்புகளில் அச்சேறுகின்றன. குரல் காற்றோடு போகிறது. இவ்வுரையை ஒலிவாங்கியின் முன் சொன்னபோது ‘செம்பொன்’ என்ற இடத்தில் சற்றே நிறுத்தினேன். அச்சில் அந்த நிறுத்தத்துக்கு ஒரு சிறு வெற்றிடமே கிடைத்திருக்கும். அச்சிடுவோர் அதையும் விட மறந்திருந்தால், நேயர் கேட்ட பொன், உங்கள் கையில் செம்பாகியிருக்கும்.