தோள் சுழற்சித் தசைநாண் கிழிவு

தோள் சுழற்சித் தசைநாண் கிழிவு என்பது தோள் மூட்டைச் சூழ்ந்துள்ள நான்கு தசைகளின் தசைநாண்களில் ஒன்றோ பலவோ மேற்கை எலும்பிலிருந்து பகுதியாகவோ முழுமையாகவோ விடுபடும் நிலையாகும். மருத்துவர்கள் இதனை ரொட்டேட்டர் கஃப் கிழிவு என்பர். மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் சுமை தூக்குதல், வேளாண்மை, கட்டடப் பணி ஆகியவற்றைச் செய்வோருக்குத் தோள் வலிமையே வாழ்வாதாரம். ஆகவே இதற்கான அறுவை சிகிச்சையைப் போலவே, அதன் பின்வரும் நீண்ட மறுவாழ்வுக் காலமும் அவர்களுக்கு இன்றியமையாதது.

அமைப்பு

சுப்ராஸ்பினேட்டஸ், இன்ஃப்ராஸ்பினேட்டஸ், டெரிஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ் ஆகியன இந்நான்கு தசைகள். இவை தோள்பட்டை எலும்பில் தொடங்கி, மேற்கை எலும்பின் தலையை ஓர் உறைபோலச் சூழ்ந்து முடிகின்றன. தோள் மூட்டின் கிண்ணம் ஆழமற்றது. எனவே கை அசையும்போது எலும்புத் தலையைக் கிண்ணத்தின் நடுவில் நிறுத்துவதில் இத்தசைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. இவற்றுள் சுப்ராஸ்பினேட்டஸ் தசைநாணே மிகுதியாகக் கிழிகிறது.

காரணங்கள்

வயது ஏறுகையில் தசைநாண் தேய்ந்து நலிவது முதன்மைக் காரணம். தலைக்கு மேல் கையை உயர்த்திச் செய்யும் பணி, பாரம் தூக்குதல், புகைபிடித்தல் ஆகியவை இத்தேய்வை விரைவுபடுத்தலாம். கீழே விழுதல், இருசக்கர வாகன விபத்து, மூட்டு நழுவுதல் ஆகியவற்றால் திடீர்க் கிழிவும் நேரும். அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் ஆகிய ஊர்களில் நடைபெறும் ஏறுதழுவலில் திமிலைப் பற்றிய கை வெடுக்கென இழுபடுவதும் தோளைக் காயப்படுத்தக்கூடும்.

அறிகுறிகளும் கண்டறிதலும்

இரவில் மிகும் தோள்வலி, அப்பக்கம் படுக்க இயலாமை, கையை உயர்த்துவதில் தளர்ச்சி ஆகியவை பொதுவான அறிகுறிகள். தோள் இறுக்க நோயில் பிறர் உயர்த்தினாலும் கை முழுமையாக எழாது. தசைநாண் கிழிவில் பிறர் உயர்த்தினால் கை பெரும்பாலும் எழும். தானாக உயர்த்துவதே கடினம். மீயொலி அல்லது எம்.ஆர்.ஐ. சோதனை கிழிவின் அளவைக் காட்டும்.

சுளுக்கு எனக் கருதி எண்ணெய் நீவியே பல மாதங்களைக் கழித்துவிட்டால், பெரிய கிழிவுகளில் தசை சுருங்கி அதனுள் கொழுப்பு படியும். அதன்பின் தைத்தாலும் பழைய வலிமை திரும்புவது அரிது.

சிகிச்சை

எல்லாக் கிழிவுகளுக்கும் அறுவை தேவையில்லை. தேய்வினால் உண்டாகும் சிறு கிழிவுகள் பல, உடற்பயிற்சியாலும் வலிநீக்கிகளாலும் தேறுகின்றன. விபத்தால் ஏற்பட்ட முழுக் கிழிவைக் காலந்தாழ்த்தாமல் தைப்பதே பொதுவாக நன்று.

அமெரிக்க அறுவை மருத்துவர் எர்னஸ்ட் அமோரி காட்மன் 1911இல் இத்தகைய சீரமைப்பைப் பற்றி எழுதினார். இன்று திறந்த முறையிலும், சிறு துளைகள் வழியே ஆர்த்ரோஸ்கோப்பி என்னும் மூட்டு உள்நோக்கி முறையிலும் இது செய்யப்படுகிறது. எலும்பில் பதிக்கப்படும் சிறு நங்கூரங்களிலுள்ள நூலால் தசைநாண் அதன் பழைய இடத்தில் கட்டப்படும். 2015இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இவ்விரு முறைகளின் பயனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை எனக் கண்டது.

மறுவாழ்வு

தையல் தசைநாணை எலும்போடு பிடித்து வைக்க மட்டுமே செய்கிறது. இரண்டும் ஒட்டி வளரப் பல மாதங்கள் ஆகும். பயிற்சியின் கால அளவு கிழிவின் அளவுக்கேற்ப மாறினும், பொதுவான படிகள் பின்வருமாறு:

- முதல் 4 முதல் 6 வாரங்கள்: கை தூளிப்பட்டையில் இருக்கும். விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை அசைக்கலாம். தோளைப் பிறர் உதவியால் மட்டுமே அசைக்க வேண்டும்.
- 6 முதல் 12 வாரங்கள்: கயிறும் கப்பியும் கொண்டு நலமான கையால் மறுகையை உயர்த்துதல், சுவரில் விரல்களை ஏற்றுதல் ஆகியவற்றில் தொடங்கி, தானாகக் கை உயர்த்தும் நிலைக்கு வருதல்.
- 12 வாரங்களுக்குப் பின்: இழுபட்டை கொண்டு வலுவூட்டும் பயிற்சி.
- ஏறத்தாழ 6 மாதங்களுக்குப் பின்: மருத்துவர் இசைவுடன் கடினப் பணி.

வலி குறைந்தவுடன் குடம் தூக்குவதோ மூட்டை சுமப்பதோ தையலை அறுக்கக்கூடும். மாறாக, அஞ்சிப் பல மாதங்கள் கையை அசைக்காதிருந்தால் மூட்டு இறுகிவிடும். நீரிழிவு உடையோருக்கு இவ்விறுக்கம் கூடுதலாக ஏற்படுவதால் சர்க்கரைக் கட்டுப்பாடு தேவை.

மதுரையில்

அரசு இராசாசி மருத்துவமனை, 1954இல் தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது. இது சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் மேல்சிகிச்சை மையமாக விளங்குகிறது. 2012இல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளின் மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. இழந்த கூலியை ஈடுசெய்வதில்லை. கீழமாசி வீதியின் மொத்தக் கடைகளில் நாட்கூலிக்கு மூட்டை சுமக்கும் ஒருவருக்கு ஆறு மாத ஓய்வு என்பது ஆறு மாத வருமான இழப்பாகும். ஆகையால் அறுவைக்கு நாள் குறிக்கும்போதே, வீட்டில் செய்யத்தக்க பயிற்சிகளையும், இடைக்காலத்தில் பாரமற்ற பணிக்கு மாறும் வழியையும் மருத்துவர், இயன்முறை மருத்துவர், குடும்பத்தினர் ஆகியோர் கலந்து முடிவு செய்தல் நலம்.