கல்தூசும் கணக்கேடும்

குரும்பலூரைச் சுற்றியுள்ள பெரம்பலூர்ப் பகுதி கடும்பாறை பூமி. கிழக்கே அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. இரண்டிலும் கல்தான் பிழைப்பு என்றாலும் தூசு ஒன்றல்ல. சுண்ணாம்புக்கல்லில் சிலிக்கா பொதுவாகக் குறைவு. கடும்பாறையில் கணிசமாக உண்டு. தண்ணீர் விடாமல் ஜாக்ஹாமரால் குழி போடும்போதும், கிரஷரின் தாடைக்குள் கல் விழுந்து ஜல்லியாக நொறுங்கும்போதும் எழும் புழுதியில் கண்ணுக்குத் தெரிவதைப் பெரும்பாலும் மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். ஐந்து மைக்ரானுக்கும் குறைவான துகள்தான் நுரையீரலின் காற்றறை வரை போய்த் தங்கித் தழும்பாகிறது. இதுவே சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்தில்லை, வேலையை விட்ட பிறகும் முற்றக்கூடும், காசநோயையும் எளிதில் வரவழைக்கும். இந்த நோய்க்கு இழப்பீடு தரச் சட்டம் இல்லாததால்தான் கல் தொழிலாளர்கள் கைவிடப்பட்டார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். வரலாறு வேறு சொல்கிறது. சட்டம் பல தலைமுறைகளாக இருக்கிறது. அவர்களிடம் இல்லாதது, தாங்கள் வேலை செய்ததைக் காட்டும் ஒரு தாள்.

இதற்குச் சான்று கோலார் தங்கவயல். அங்கே சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களிலும் தலித் மக்கள் மிகுதி. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் நோயின் கொடுமை வெளிப்பட்டு, 1930-ல் ஜோகன்னஸ்பர்க்கில் சர்வதேச மாநாடும் கூடிய பிறகு, இந்தியாவில் இந்நோய் முதலில் தெளிவாகப் பதிவானது கோலாரில்தான். 1940-ல் மைசூர் அரசு சிலிக்கோசிஸ் விதிகளைக் கொண்டுவந்தது. 1947-ல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட ஏழாயிரத்துச் சொச்சம் தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் இருந்தது. இப்படிக் கணக்கெடுக்க முடிந்ததற்குக் காரணம் சுரங்கக் கம்பெனியின் கருணை அல்ல. வேலையாட்களின் பெயர்ப் பதிவேடும், சாம்பியன் ரீஃபில் மருத்துவமனையும், எக்ஸ்ரே படங்களும் ஒரே இடத்தில் இருந்தன. ஆளைக் கண்காணிக்கவே அந்தப் பதிவேடுகள் பிறந்தன. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஆனாலும் நோய் வந்தபோது, யார் எத்தனை வருடம் குழியில் இறங்கினார் என்பதைக் கம்பெனியே மறுக்க முடியாதபடி அதே ஏடுகள் சாட்சி சொல்லக்கூடியவையாக இருந்தன.

கல் குவாரியிலும் கிரஷரிலும் இந்த அமைப்பு எதுவுமில்லை. மேஸ்திரி ஆள் சேர்ப்பார். கூலி கையில் வரும். ஒரு குவாரி ஏலம் முடிந்தால் ஆட்கள் அடுத்ததற்குப் போவார்கள். சட்டமோ இதை முன்பே எதிர்பார்த்திருந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், பிந்தைய திருத்தங்களோடு சேர்ந்து, தொழில்நோயையும் விபத்தாகவே கருதியது. பல முதலாளிகளிடம் வேலை செய்தவருக்கு அவரவர் பங்குக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. ஒப்பந்தக்காரர் வைத்த ஆளுக்கும் மூல முதலாளியே பொறுப்பு என்றது. குறிப்பிட்ட காலம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு நோய் வந்தால், அது அந்த வேலையால் வந்ததல்ல என்று காட்டும் பாரத்தைக்கூட எதிர்த்தரப்பின் மேல் வைத்தது. ஆனால் அந்தக் காலத்தை நிறுவும் பாரம் தொழிலாளியிடமே நின்றது. கதவைத் திறந்து வைத்துவிட்டு, சாவி கேட்பது போன்றது இது.

எதிர்வாதங்கள் உண்டு. காசநோயையும் சிலிக்கோசிஸையும் பிரித்தறிவது கடினம், பொய்க் கோரிக்கைகள் வரும் என்பது ஒன்று. உண்மைதான், படத்தில் இரண்டும் குழம்பும், இரண்டும் சேர்ந்தும் வரும். அதற்காகத்தான் பயிற்சி பெற்ற மருத்துவக் குழு வேண்டும். சந்தேகத்தைச் சொல்லி எல்லாரையும் காசநோய் மாத்திரையோடு திருப்பி அனுப்புவது, பொய்யைத் தடுப்பதல்ல, நோயை மறைப்பது. சிறிய கிரஷர்கள் இழப்பீட்டைத் தாங்காமல் மூடிவிடும் என்பது இன்னொன்று. அதற்கு ராஜஸ்தான் வழி காட்டியிருக்கிறது: 2019-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, நோய் சான்றளிக்கப்பட்டதும் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், எந்த முதலாளி என்று தேடி அலைய வேண்டியதில்லை. அரசு கொடுத்தால் முதலாளி தப்பித்துவிடுவாரே என்பது மூன்றாவது, இதுதான் கனமானது. குஜராத்தின் குவார்ட்ஸ் ஆலைகளில் வேலை செய்து இறந்த மத்தியப் பிரதேசப் பழங்குடியினர் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் தரும்படி 2016-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோதும் பணம் குஜராத் அரசிடமிருந்தே வந்தது. எனவே முதலில் அரசு நிதியிலிருந்து கொடுத்துவிட்டு, பிறகு குவாரி உரிமத்தொகையோடு சேர்த்து முதலாளிகளிடம் வசூலிப்பதே நியாயம். நோயாளிக்குக் காத்திருக்க நேரமில்லை, அரசுக்கு உண்டு.

தமிழ்நாட்டில் இதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 1994-ல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் பட்டியலில் கல் உடைப்பவரும் கல் பொடி செய்பவரும் உண்டு. வாரிய அட்டை வேலைக்குச் சான்றாகலாம். பதியும் நாளிலேயே மார்புப் படம் எடுத்து வைத்தால் நோய்க்கும் சான்றாகும். இதில் தாமதம் இனி ஆபத்து. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்பின்படி, மின்விசையில் இயங்கும் இடம் தொழிற்சாலை எனக் கொள்ளப்பட 10 பேர் போதாது, 20 பேர் வேண்டும். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் கிரஷர் தொழிற்சாலைக் கணக்கிலிருந்தே நழுவும். அங்கே ஏடு எழுத முதலாளி முன்வரமாட்டார். அரசுதான் எழுத வேண்டும். புதிய உரிமைகளை அறிவிப்பதைவிட, பழைய உரிமையை நிரூபிக்கும் தாளைத் தொழிலாளியின் கையில் கொடுப்பதே இன்றைய முதல் கடமை.